நாலு பிள்ளைக் கணக்கு

என் மாமியார் ஒரு நேரத்தில் நாலு பிள்ளைகளுக்கு மேல் பொறுப்பெடுக்கமாட்டார். 1990க்கும் 1995க்கும் இடையில் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் அவர் பிள்ளை பார்த்தார். ‘டே கேர்’ என்ற பேச்சு அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. “ரீச்சரின்ரை பிள்ளையை மாமி பாக்கிறா” என்றுதான் ஒழுங்கையில் சொல்லுவார்கள். பதிவு கிடையாது, வந்து பார்க்க ஒரு உத்தியோகத்தர் கிடையாது. ஆனாலும் நாலு என்றால் நாலுதான். அந்த நாலிலும் நடக்கத் தெரியாதது இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது.

காரணம் வளவின் மூலையில், முருங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ‘ட’ வடிவில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட பங்கர். பலாலி இராணுவ முகாமிலிருந்து ஷெல் குத்தும் சத்தம் முதலில் கேட்கும். அது வந்து விழுவதற்குள் சில எண்ணிக்கைதான் எண்ணலாம். பொம்பர் என்றால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், வட்டமடித்த பிறகுதான் பதிவான். எப்படிப் பார்த்தாலும் விறாந்தையிலிருந்து பங்கருக்கு ஒரு தரம்தான் ஓடலாம். இரண்டைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து மற்றதைத் தூக்கலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

“இடுப்பிலை ஒண்டு, தோளிலை ஒண்டு. சீலையைப் பிடிச்சுக்கொண்டு ஓடக்கூடியது ரெண்டு. அஞ்சாவதை நான் எங்கை வைக்கிறது?” என்று கேட்பார். கேட்டவர்களிடம் பதில் இருக்காது.

புதிதாகப் பிள்ளையைச் சேர்க்கும்போது தாய் சில நாள் கூடவே இருக்கவேண்டும். பிள்ளை மாமியின் குரலுக்குப் பழகவேண்டும், சீலைத் தலைப்பை விடாமல் பிடிக்கவும் பழகவேண்டும். சத்தம் சந்தடி இல்லாத நாளிலும் மாமி திடீரென்று கைதட்டுவார். பெரியது இரண்டும் எங்கே நின்றாலும் ஓடிவந்து சீலையைப் பிடிக்கவேண்டும். பிடித்தால் பனங்கட்டித் துண்டு. அதுகளுக்கு அது விளையாட்டு. மூன்று வயசுப் பெடியன் ஒருவன் இருந்தான், நல்ல சுறுசுறுப்பு. வந்து பிடிப்பான், பாதி வழியில் பூனையைக் கண்டால் விட்டுவிட்டு அதன் பின்னால் போய்விடுவான். மாமி அவனைக் கைக்குழந்தைக் கணக்கில் சேர்த்தார். தாய்க்கு மனவருத்தம். “அவன் நல்லா ஓடுவான், மாமி.” “ஓடுவான், அதுதான் பிள்ளை கரைச்சல்.” அவன் இருந்த காலம் முழுக்க மாமி இரண்டாவது கைக்குழந்தையை ஏற்கவில்லை. வருமானம் குறைந்தது. அந்த நாளில் மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு ஜாம் போத்தலில் பஞ்சு போட்டு விளக்கெரித்த வீடுதான் எங்களுடையதும். அந்தக் காசு எங்களுக்குச் சின்னக் காசில்லை.

1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்து, அங்கே ஒதுங்கியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சனம் செத்தது. அதன்பிறகு தாய்மார் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. மாமியின் பிள்ளை பார்ப்பு அதோடு முடிந்தது.

பங்கரை மூடிப் பல காலம் கழித்து அதே விறாந்தையில் நான் தொடங்கினேன். சனசமூக நிலையத்து முன்பள்ளியில் ரீச்சராக இருந்து ஓய்ந்த நேரம். பக்கத்து வீட்டுப் பெண் “மத்தியானம் மட்டும், அன்ரி” என்று மகளைக் கொண்டுவந்து விட்டாள். அந்த மத்தியானம் முழுநாளாகி, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகியது. ஊர் மாறியிருந்தது. முந்தி அம்மம்மா இல்லாத வீடு எங்கள் ஒழுங்கையில் இல்லை. இப்போது அம்மம்மாமார் கனடாவில். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் போய்ப் பார்ப்பதற்கென்று கனடா அரசு 2011 டிசம்பரில் ‘சூப்பர் விசா’ கொண்டுவந்தது. ஒரு தரம் போனால் இரண்டு வருடம் இருக்கலாம் என்றார்கள், 2022இல் அதை ஐந்து வருடமாக்கினார்கள். ஸ்காபுறோவில் இருக்கும் மகளின் பிள்ளை அம்மம்மாவின் மடியில் தூங்குகிறது. கொக்குவிலில் இருக்கும் மகளின் பிள்ளை என் ஏணையில் தூங்குகிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை, என் சொந்த மச்சாளும் அப்படிப் போனவர்தான்.

அரச ஆசிரியைக்குப் பிள்ளைப்பேற்று லீவு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள். சனி, ஞாயிறு கழித்துப் பார்த்தால் நாலு மாதம். அதற்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாளும் சம்பளமில்லாமல் 84 நாளும் எடுக்கலாம். லோன் எடுத்து வீடு கட்டியவர்களுக்கு அது கட்டாது, முதல் 84 முடிந்த கையோடு திரும்பிவிடுவார்கள். ஆகவே என் படலைக்கு வருவது பெரும்பாலும் கழுத்து இப்போதுதான் நின்ற பிள்ளைகள். நெடுந்தீவு, நயினாதீவுப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிற தாய்மார் குறிகாட்டுவானில் படகைப் பிடிக்கவேண்டும். விடியமுன் பிள்ளை வந்துவிடும், பாதித் தூக்கத்தில், ஒரு காலில் மட்டும் சொக்ஸோடு.

பிள்ளை பார்க்கிற வீடு எப்படிப்பட்டது என்று அறிய விரும்புகிறவர்கள் காலையில் போகக்கூடாது. காலையில் எல்லாப் பிள்ளையும் பவுடர் பூசிப் பொட்டு வைத்துக்கொண்டு இருக்கும். பதினொரு மணிக்குப் போகவேண்டும். ஏழு மாதக் குழந்தை ஏணையில் முழித்துவிடும். அதைப் பாயில் கிடத்திப் பாம்பேர்ஸ் கழற்றும்போது என் இரண்டு கையும் அங்கே, கண்ணும் அங்கே, ஏனென்றால் அந்த வயசில் பிள்ளை நினையாத நேரத்தில் உருளும். அப்போதுதான் இரண்டு வயசுக்காரி வந்து “அம்மம்மா, கக்கா” என்பாள். அதைச் சொல்லப் பழக்க மாதக்கணக்கு ஆகியிருக்கும். ‘பொறு’ என்று சொன்னால் பழக்கியது அத்தனையும் போய்விடும். ஒன்றரை வயசுக்காரன் பருப்பும் சோறும் கன்னம் நிறைய அடைத்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். சிரிக்கும்போதுதான் புரைக்கேறும். மூன்றரை வயசுக்காரி எல்லாம் விளங்கிய பிள்ளை, எனக்கு உதவி செய்யவென்று குசினிப் பக்கம் போவாள். குசினியில் கஞ்சி வடித்த பானை.

இவ்வளவும் நாலு பிள்ளையோடு. முன்பள்ளியில் நான் இருபது பிள்ளைகளைத் தனிய வைத்துப் பாட்டுப் படிப்பித்தவள், இந்த நாலும் என்னை இருத்திவிடும். ஐந்தாவது பிள்ளை வந்தால் வேலை இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் என்று தகப்பன்மார் நினைக்கிறார்கள். வேலை கூடினால் செய்துவிட்டுப் போகலாம். நான் ஒரு பிள்ளையில் கண் வைத்திருக்கும் நேரத்தில் மற்றவற்றில் எத்தனை கண்ணில்லாமல் இருக்கின்றன என்பதே என் பயம்.

யாழ்ப்பாணத்தில் வளவுக்கு வளவு கிணறு. என்னுடையதற்கு இரும்பு வலை போட்டுப் பூட்டும் போட்டிருக்கிறேன். கிணற்றைவிட எனக்குப் பயம், குளிக்கிற இடத்தில் பாதி நிறைந்து நிற்கும் வாளி. எழும்பி நிற்கப் பழகுகிற பிள்ளை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் சத்தமே வராது. பிள்ளைகள் இருக்கும் நேரம் என் வீட்டு வாளிகள் எல்லாம் கவிழ்ந்துதான் இருக்கும். வருகிற தாய்மாருக்கு முதல் நாளே அதைக் காட்டிவிடுவேன்.

என் தங்கச்சியும் ஸ்காபுறோவில் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிறாள். ஒன்ராறியோ மாகாணத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பார்க்கிறவர் 13 வயசுக்குக் குறைந்த ஐந்து பேருக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அந்த ஐந்திலும் இரண்டு வயசுக்குக் குறைந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. சொந்தப் பிள்ளை நாலு வயசுக்குக் குறைந்ததென்றால் அதையும் எண்ணவேண்டும். மீறினால் 250,000 டொலர் வரை தண்டம், சிறைக்கும் இடமுண்டு. “எங்கடை மாமி இஞ்சை இருந்திருந்தால் இன்ஸ்பெக்ரர் ஆகியிருப்பா” என்று அவள் தொலைபேசியில் சிரித்தாள்.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 2013 யூலையில் ரொறொன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில், அனுமதியில்லாத ஒரு வீட்டுப் பராமரிப்பில், இரண்டு வயசுக் குழந்தையொன்று கோடை வெயிலில் காருக்குள் விடப்பட்டு இறந்தது. ஐந்து பேர் இருக்கவேண்டிய இடத்தில் அதைப்போலப் பல மடங்கு பிள்ளைகள். முன்னரே முறைப்பாடுகள் போயிருந்தன, ஒழுங்காகப் பின்தொடரப்படவில்லை. மாகாணத்தின் ஒம்புட்ஸ்மன் 2014 ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கையில் 113 பரிந்துரைகள் இருந்தன. அந்த வருடமே புதிய சட்டம் நிறைவேறி, 2015 ஓகஸ்ட் 31இலிருந்து நடைமுறைக்கு வந்தது. அத்தனை பிள்ளைகளுக்குள் ஒன்று குறைந்தது யார் கண்ணிலும் படவில்லை. நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒன்று குறைந்தால் சத்தமில்லாத அந்த இடைவெளியே ஆளை எழுப்பிவிடும்.

இங்கிலாந்தில் வீட்டில் பார்க்கிறவருக்கு எட்டு வயசுக்குக் குறைந்தவர்கள் ஆறு பேர். அதில் ஐந்து வயசுக்கு உட்பட்டவர்கள் மூன்று பேர், ஒரு வயசுக்குக் குறைந்தது ஒன்றே ஒன்று. சகோதரம், சொந்தப் பிள்ளை என்றால் சில விலக்குகள் உண்டு. அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்து எழுதிய வழிகாட்டி இன்னும் இறுக்கம். இரண்டு வயசுக்குக் குறைந்த பிள்ளைகள் இரண்டு இருந்தால் வேறு பிள்ளையே எடுக்கக்கூடாது. அந்தக் கணக்கில் மாமியின் நாலு கூட அதிகம். ஆனால் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் கட்டட விதிக்கோவை. வீட்டுப் பராமரிப்பில் ஒரு ஆளுக்கு ஆறு பிள்ளை, அதில் தானாகத் தப்பமுடியாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. அவர்கள் தீயை நினைத்து எழுதினார்கள். மாமி ஷெல்லை நினைத்துச் சொன்னார். இரண்டும் இரண்டில் வந்து நிற்கிறது, ஏனென்றால் மனிசருக்கு எங்கேயும் இரண்டு கைதான்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதும் உண்மை. 1979இல் வெளியான அமெரிக்கத் தேசிய பகல் பராமரிப்பு ஆய்வு, மூன்று வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கூட்டம் சிறிதாக இருப்பதும் பார்க்கிறவரின் பயிற்சியும் பெரிய விசயம் என்றது. கைக்குழந்தைக்கு ஆளுக்கு எத்தனை பிள்ளை என்பதே முக்கியம் என்றும் அதே ஆய்வு சொன்னது. முன்பள்ளியிலும் ஏணைக்குப் பக்கத்திலும் இருந்து பார்த்த எனக்கு இதில் மறுப்பில்லை.

எங்கள் நாட்டிலேயே இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் அல்ல, மலையகத்தில். எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் ஹற்றன் பக்கம் படிப்பித்தபோது ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்தேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விடியவே பிள்ளைகளை விட்டுப் போவார்கள். வரிசையாக ஏணைகள், ஒரு ஆயா. ஒரு ஏணையை ஆட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவார், கடைசி ஏணைக்குப் போகும்போது முதல் ஏணை நின்றுவிடும். பால் கொடுக்கத் தாய் வந்து போக நேரம் விட்டார்கள், கட்டடமும் இருந்தது. ஆள்தான் போதவில்லை. எனக்குப் பிள்ளை பார்ப்பில் உள்ள கணக்கு முதலில் விளங்கியது அங்கேதான், மாமியிடம் வருமுன்னரே.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி ஐந்து மாதக் குழந்தையோடு வந்தாள். ஏற்கெனவே என்னிடம் கைக்குழந்தை இரண்டு. முடியாது என்றேன். “என்ரை பிள்ளை அழவே அழாது, அன்ரி. போட்ட இடத்திலை கிடக்கும்.”

“போட்ட இடத்திலை கிடக்கிற பிள்ளையைத்தான் நான் மறந்துபோவன்” என்றேன். அவள் அழுதுவிட்டாள். வேறு வீடு தேடிப் போனால் எப்படிப்பட்ட வீடு கிடைக்கும் என்று இருவருக்கும் தெரியும். பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஒரு வயசான அம்மா, நாள் முழுக்க ரீவியில் கார்ட்டூன். மத்தியானம் எல்லாரையும் ஒரே நேரத்தில் தூங்கவைத்துவிடுவார்கள். நல்ல ஒழுங்கு என்று தாய்மாரே மெச்சுவார்கள்.

பிறகு ஒரு வழி கிடைத்தது. அவளுடைய சின்னம்மா ஒருவர் அளவெட்டியில் தனியே இருந்தார். அவர் காலை பஸ்ஸில் வந்து பின்னேரம் போவார். அவருடைய சம்பளத்தையும் பஸ் காசையும் எல்லாத் தாய்மாரும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாடு என் வீட்டில். ஆள் ஒன்று கூடிய பிறகுதான் மூன்றாவது கைக்குழந்தை என் பாயில் படுத்தது.

அதற்குப் பிறகுதான் விதி உண்மையில் கடிக்கத் தொடங்கியது. சின்னம்மாவுக்குக் காய்ச்சல் என்று இரவு செய்தி வரும். உடனே இரண்டு தாய்மாருக்கு அழைத்து ‘நாளைக்குப் பிள்ளையைக் கொண்டுவராதேங்கோ’ என்று சொல்லவேண்டும். அவர்களுக்கு வகுப்பில் பரீட்சை இருக்கும், வங்கியில் கணக்கு முடிக்கிற நாளாக இருக்கும். “ஒரு நாள்தானே, அன்ரி, சமாளிக்கேலாதே?” என்று கேட்பார்கள். ஒருத்தி கோபித்துப் பிள்ளையை நிறுத்தியே விட்டாள். கொப்பியில் இரண்டு பேர் என்று எழுதியிருப்பது எந்தப் பிள்ளையையும் பார்க்காது. சின்னம்மா கடைக்குப் போயிருக்கும் அரை மணித்தியாலத்தில் என் வீட்டில் ஒரு ஆள்தான். அந்த அரை மணித்தியாலத்துக்கும் கணக்குச் சரியாக இருக்கவேண்டும். ஆகவே அவர் கடைக்குப் போவதையே நிறுத்தினேன். மீன்காரர் படலைக்கு வருவார்.

ஒரு முறை உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். மரியாதையான பிள்ளை. கிணற்று வலையைப் பார்த்தார், கக்கூஸைப் பார்த்தார், தண்ணி கொதிக்கவைத்துக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். கடைசியாக, மொத்தம் எத்தனை என்றார். “ஆறு. மூண்டு கைக்குழந்தை, ரெண்டு தத்தி நடக்கிறது, ஒண்டு பெரிசு” என்றேன். அவர் ஆறு என்று எழுதினார். நான் சொன்ன மிச்சத்துக்கு அந்தத் தாளில் இடமிருக்கவில்லை. ஆறு நாலு வயசுப் பிள்ளைகளும் ஆறு நாலு மாதப் பிள்ளைகளும் அந்தத் தாளில் ஒன்றுதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதை அவரிடமே சொன்னேன், அவரும் தலையாட்டினார்.

காசைப் பற்றியும் பேசவேண்டும், எல்லாரும் கூச்சப்பட்டு விடுகிற இடம் அது. நாலு பிள்ளையின் காசைக் கூட்டினால் யாழ்ப்பாண டவுணில் துணிக்கடையில் பில் போடுகிற பிள்ளையின் சம்பளத்துக்குக் கிட்டவும் வராது. 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் தாய்மாராலும் கூட்டிக் கொடுக்க முடியவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு வீடு சொந்தம், கணவரின் பென்சன் வருகிறது, அதனால் நாலில் நிற்க முடிந்தது. வாடகை வீட்டில் இருக்கிற, புருஷன் இல்லாத ஒருத்தி பத்துப் பிள்ளைகளை எடுத்தால் அவளைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. விதியைக் காப்பாற்றுகிற செலவு முழுக்க அவள் தலையில் விழுகிறது. தங்கச்சி பின்னர் ஒரு ஏஜென்சி மூலம் அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டாள். 2022 மார்ச்சில் ஒன்ராறியோ சேர்ந்த, நாளுக்குப் பத்து டொலர் என்ற கனடா அரசின் பிள்ளைப் பராமரிப்புத் திட்டத்துக்குள் அனுமதி உள்ளவர்கள்தான் வருவார்கள். எண்ணிக்கையை மட்டுப்படுத்துகிற அரசு அந்தக் குறைவுக்கு ஒரு பங்கு காசும் போடுகிறது. எங்களிடம் கேட்பதற்குத் தாள் மட்டும் வருகிறது.

ஒவ்வொரு பிள்ளை பார்க்கிற வீட்டுக்கும் இரண்டாவது ஆளின் சம்பளத்தில் பாதியைப் பொதுக்காசிலிருந்து கொடுக்கட்டும். மற்றப் பாதியைத் தாய்மார் கொடுப்பார்கள், என் வீட்டில் முழுவதையுமே கொடுத்திருக்கிறார்கள். உத்தியோகத்தரின் தாளில் ஒரு வயசுக்குக் குறைந்தது எத்தனை, நடக்காதது எத்தனை என்று இரண்டு கட்டம் கூடுதலாகக் கீறட்டும். வடக்கு மாகாண சபை 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்து போனது, அதன்பிறகு தேர்தல் நடக்கவில்லை. பிரதேச சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்து, கதிரைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் நல்லூர்ப் பிரதேச சபைக்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் சபைக்கு நீங்களும் எழுதுங்கள்.